தக்கைக் கம்பெனியின் கார்

எங்கள் தெருவுக்கு வெகு காலம் ஒரு பள்ளிக்கூட வேன் வந்துகொண்டிருந்தது. காலையில் முனை வீட்டு வாசலில் வந்து நின்று ஹாரனை ஒரு தரம் அமுக்கும். அவ்வளவுதான், தெருவில் இருக்கிற அத்தனை வீடுகளிலும் கலவரம் மூண்டுவிடும். ஒரு பையனுக்கு ஒரு கால் செருப்பு அகப்படாது. ஒரு பெண்ணுக்குப் பின்னல் பாதியில் நிற்கும். இத்தனை அமளிக்கும் காரணமான அந்த வண்டியின் நெற்றியில் 'ஸ்வராஜ் மாஸ்டா' என்று எழுதியிருந்தது. ஸ்வராஜ் எனக்குத் தெரிந்ததுதான். நம் பெரியவர்கள் சிறைக்குப் போய் வாங்கிக்கொடுத்தது. பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற மாஸ்டா யார்? டிரைவரிடம் ஒரு நாள் கேட்டேன். "வண்டி பேருங்க அது" என்றார், இது கூடவா தெரியாது என்கிற முகத்தோடு.

பஞ்சாபில் ஒரு கம்பெனி 1980களில் ஜப்பான்காரர்களோடு கூட்டுச் சேர்ந்து செய்த வண்டி அது. 2011-இல் பெயரும் கூட்டும் மாறிப்போய், 'மாஸ்டா' நெற்றியிலிருந்து அழிந்துவிட்டது. என் சந்தேகம் மட்டும் அழியவில்லை. பெயரைத் தேடிக்கொண்டு போனவன், அதன் பின்னால் இருந்த கதையில் மாட்டிக்கொண்டேன்.

ஒன்றை முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். கார்களைப் பற்றி எழுத எனக்கு எந்த யோக்கியதையும் கிடையாது. எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. ஆனால் இந்தக் கதையில் வருகிற ஒரு முக்கியமான ஆசாமிக்கும் கடைசி வரையில் டிரைவிங் லைசென்ஸ் கிடையாது என்று தெரிந்த பிறகு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. அவரைப் பற்றிப் பின்னால்.

மாஸ்டா என்பது பார்ஸிக்காரர்களின் தெய்வத்தின் பெயர். அஹுர மஸ்தா என்பார்கள். அந்த 'அஹுர'னும் நம்முடைய 'அசுர'னும் ஒரே சொல். ஒரே வீட்டில் பிறந்து, ஒருவன் பாரசீகத்தில் தெய்வமானான், மற்றவன் நம் புராணங்களில் வில்லனானான். 'மஸ்தா'வுக்கு அறிவு என்று பொருள். 'மேதா' என்கிற வடசொல்லுக்கு அது பங்காளி என்கிறார்கள் மொழி நூல் அறிந்தவர்கள். ஆகவே பார்க்கப்போனால் அந்தப் பள்ளிக்கூட வேன் 'ஸ்வராஜ் மேதை'! உள்ளே இருந்த சிறுவர்களுக்கு இது தெரியாமல் போனதில் நஷ்டம் ஒன்றுமில்லை. அமெரிக்காவில் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனியார் 1909-இலேயே தங்கள் மின்சார விளக்குக்கு இந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். வெளிச்சத்தின் தெய்வம் அல்லவா?

ஜப்பான்காரர்கள் வைத்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. கம்பெனியின் முதலாளி பெயர் மட்ஸுடா. ஜப்பானில் அந்தக் காரின் பெயரை இன்றைக்கும் 'மட்ஸுடா' என்றுதான் எழுதுகிறார்கள், சொல்லுகிறார்கள். இங்கிலீஷில் எழுதும்போது மட்டும் மாஸ்டா. தன் பெயரைத் தெய்வத்தின் பெயருக்குள் ஒளித்து வைத்த சாமர்த்தியம் எனக்குப் பிடித்திருக்கிறது. வெறும் அகம்பாவமாக இருந்திருக்க வேண்டியது, பக்தி மாதிரி ஆகிவிட்டது.

ஜுஜிரோ மட்ஸுடா 1875-இல் ஹிரோஷிமாவில் ஒரு செம்படவர் வீட்டில் பன்னிரண்டாவது குழந்தையாகப் பிறந்தார். பன்னிரண்டாவது பிள்ளைக்குப் படகில் இடம் ஏது? சிறு வயதிலேயே ஒசாகாவுக்குப் போய்க் கொல்லன் பட்டறையில் வேலை கற்றுக்கொண்டார். ஒரு புது மாதிரி பம்ப்பைக் கண்டுபிடித்துப் பணம் சேர்த்தார், கூட்டாளிகளோடு ஒத்துவராமல் வெளியே வந்தார், மறுபடி சேர்த்தார். சொந்த ஊருக்குத் திரும்பியபோது அவர் கையில் வந்து சேர்ந்தது என்ன தெரியுமா? ஒரு தக்கைக் கம்பெனி. முதல் உலக யுத்தத்தின்போது வெளிநாட்டுத் தக்கை வரவில்லை. உள்நாட்டில் ஒரு ஜாதி மரத்தின் பட்டையை உரித்துத் தக்கை செய்தார்கள். யுத்தம் முடிந்ததும் நல்ல தக்கை கப்பலில் வந்து இறங்கிற்று. உள்ளூர்த் தக்கையைச் சீந்துவாரில்லை. 1920-இல் 'டோயோ கார்க்' என்று அந்தக் கம்பெனியைப் புதிதாகப் பதிவு செய்தார்கள். மறு வருஷம் மட்ஸுடா தலைவரானார். 1925-இல் தொழிற்சாலை தீப்பற்றி எரிந்தது. தக்கை எரிகிற அழகைக் கேட்க வேண்டுமா?

அந்தத் தீயோடு தக்கை ஆசையும் போயிற்று. 1927-இல் பெயரிலிருந்து 'கார்க்'கை எடுத்துவிட்டு 'டோயோ கோக்யோ' என்று வைத்துக்கொண்டார். யந்திரங்கள் செய்ய ஆரம்பித்தார். 1931-இல் ஒரு மூன்று சக்கர வண்டி வெளியே வந்தது. முன்னால் மோட்டார் சைக்கிள், பின்னால் சாமான் ஏற்றுகிற பெட்டி. அதற்குத்தான் முதன் முதலாக மாஸ்டா என்று பெயர் சூட்டினார்கள். கறிகாய்க்காரனும் மரக்கடைக்காரனும் வாங்கினார்கள். பணக்காரர்கள் ஏறி உட்காருகிற வண்டியே அல்ல அது.

பிறகு யுத்தம் வந்தது. அந்த நாள் ஜப்பானியக் கம்பெனிகள் எல்லாம் செய்ததையே இதுவும் செய்தது. ராணுவத்துக்கு ரைஃபிள் செய்து கொடுத்தது. இதைச் சொல்லாமல் அடுத்த கட்டத்துக்குப் போனால் நான் நியாயமாக எழுதுகிறவன் ஆகமாட்டேன். கம்பெனியின் புகழ் பாடுகிறவர்கள் பல பேர் இந்த இடத்தில் குரலைத் தாழ்த்திக்கொள்கிறார்கள்.

1945-ஆம் வருஷம் ஆகஸ்டு 6-ஆம் தேதி மட்ஸுடாவுக்கு எழுபதாவது பிறந்த நாள். பிறந்த நாளைக்குத் தலைமயிர் வெட்டிக்கொள்ள வேண்டும் என்று நினைத்தார். காலையில் சீக்கிரமே காரில் புறப்பட்டு, நகரத்துக்குள் இருந்த முடிதிருத்தும் கடைக்குப் போனார். முதல் ஆளாக உட்கார்ந்து, வேலை முடிந்து, கிளம்பினார். கார் ரயில் ஸ்டேஷன் பக்கம் வந்துகொண்டிருந்தபோது, எட்டேகால் மணிக்கு, குண்டு விழுந்தது. அவர் பிழைத்தார். அவர் எழுந்து வந்த நாற்காலி இருந்த இடம் சாம்பலாயிற்று.

கதை எழுதுகிறவன் இப்படி ஒரு சம்பவத்தை எழுதினால் பத்திரிகை ஆசிரியர் அடித்துவிடுவார். 'எழுபதாவது பிறந்த நாளிலா? நம்பும்படியாக இல்லையே' என்பார். நானும் அடித்திருப்பேன். உண்மைக்கு அந்தக் கஷ்டமெல்லாம் கிடையாது.

தொழிற்சாலை குண்டு விழுந்த இடத்திலிருந்து கிழக்கே ஐந்து கிலோமீட்டர் தள்ளி ஃபுச்சு என்கிற ஊரில் இருந்தது. நடுவில் ஹிஜியாமா என்று ஒரு குன்று. உயரம் எழுபது மீட்டர்தான். நம் ஊரில் அதற்கு மலை என்று பெயர் கூட வைக்கமாட்டோம். தூரமும் அந்தக் குன்றுமாகச் சேர்ந்து அதிர்ச்சியை வாங்கிக்கொண்டன. ஜன்னல்கள் நொறுங்கின, கூரைகள் பிய்ந்தன, கட்டிடம் நின்றது. ஆனால் அன்று காலை எல்லாத் தொழிலாளர்களும் கட்டிடத்துக்குள் இல்லை. விமானத் தாக்குதலில் தீ பரவாமல் இருக்க நகரத்துக்குள் வீடுகளை இடித்து வெளியிடம் செய்துகொண்டிருந்தார்கள். அந்த வேலைக்கு இந்தக் கம்பெனியிலிருந்தும் ஒரு கூட்டத்தை அனுப்பியிருந்தார்கள். அவர்களுக்குக் குன்று எதுவும் மறைவாக இல்லை.

அந்த வருஷம் முடிவதற்குள் நகரத்தில் ஏறக்குறைய 1,40,000 பேர் மாண்டார்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். நின்ற கட்டிடங்களோ விரல் விட்டு எண்ணக் கூடியவை. தொழிற்சாலைக்குள் காயம்பட்டவர்களைக் கொண்டுவந்து கிடத்தினார்கள். சில நாளில் ஹிரோஷிமா மாகாணத்து அரசாங்கக் காரியாலயமே அங்கே குடி வந்தது. மறு வருஷம் நடுப்பகுதி வரையில் ஒரு மாகாணத்தின் நிர்வாகம் முழுவதும் ஒரு மோட்டார் கம்பெனியின் மாடியிலிருந்து நடந்தது. அரிசி ரேஷனும் பிறப்பு இறப்புக் கணக்கும் லேத்து யந்திரங்களுக்குப் பக்கத்தில்! அதே வருஷம் டிசம்பர் மாதம், குண்டு விழுந்து நாலு மாதத்தில், மூன்று சக்கர வண்டிகள் மறுபடி வெளியே வந்தன. கல்லும் மரமும் தண்ணீரும் ஏற்றிப்போக ஆள் தேடிக்கொண்டிருந்த ஊர் அது. பல பேருடைய நினைவில் மாஸ்டா என்றால் விரைவுக் கார் அல்ல, எரிந்த ஊருக்குப் பலகை சுமந்துகொண்டு வந்த மூன்று சக்கரம்.

'சாம்பலிலிருந்து எழுந்த பறவை' என்று இந்தக் கம்பெனியைப் பற்றி எழுதுவது வழக்கமாகிவிட்டது. எனக்கு அந்த உவமையில் சம்மதமில்லை. சாம்பலானவர்கள் எழுந்து வரவில்லை. குன்றுக்கு இந்தப் பக்கம் இருந்தவர்கள் மறுநாளும் வேலைக்கு வந்தார்கள், அவ்வளவுதான். அது பறவையைவிடக் கடினமான காரியம் என்பது என் அபிப்பிராயம்.

கிழவர் 1952-இல் காலமானார். அதற்குச் சற்று முன்பே மகன் ட்ஸுனேஜி தலைமைப் பொறுப்பை ஏற்றுக்கொண்டிருந்தார். 1960-இல் ஆர்360 என்கிற சின்னஞ்சிறு கார் வந்தது. விலை மூன்று லட்சம் யென். சொந்தக் கார் என்பதைக் கனவில் மட்டும் கண்டுகொண்டிருந்த குமாஸ்தாக்கள் அதை வாங்கினார்கள். வியாபாரம் பிரமாதம். இனிமேல் கவலையில்லை என்று ட்ஸுனேஜி சாய்ந்து உட்கார்ந்திருக்கலாம்.

அப்போதுதான் டோக்கியோவில் அதிகாரிகளுக்கு ஒரு யோசனை தோன்றிற்று. ஜப்பானில் மோட்டார் கம்பெனிகள் அதிகம். எல்லாவற்றையும் இரண்டு மூன்று கூட்டமாகச் சேர்த்துவிட்டால்தான் அமெரிக்கக்காரர்களோடு போட்டி போடமுடியும் என்று கணக்குப் போட்டார்கள். சிறிய கம்பெனிகள் பெரியவற்றோடு கலந்து மறைய வேண்டியதுதான். ஹிரோஷிமாக் கம்பெனி மறைந்தால் ஊரில் மீதி என்ன இருக்கும்? மற்றவர்களிடம் இல்லாத ஒன்று நம் கையில் இருந்தால் நம்மைத் தொடமாட்டார்கள் என்று நினைத்தார் ட்ஸுனேஜி. அந்த 'ஒன்'றைத் தேடி 1960-இல் ஜெர்மனிக்குப் போனார்.

லைசென்ஸ் இல்லாத ஆசாமி இங்கேதான் வருகிறார். ஃபெலிக்ஸ் வாங்கெல் என்று பெயர். கண் பார்வை மட்டு. கார் ஓட்டாதவர், காருக்குப் புதிதாக ஒரு எஞ்சினைக் கற்பனை செய்தார். நெக்கர்ஸுல்ம் என்கிற ஊரில் இருந்த என்.எஸ்.யு. கம்பெனியில் 1957-இல் அது முதல் முறை ஓடிற்று.

எஞ்சினைப் பற்றிச் சொன்னால் கதை படிக்கிறவர்கள் பக்கத்தைத் திருப்பிவிடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். ஒரு நிமிஷம் பொறுங்கள். நம் வீட்டுப் பெண்களுக்கு இந்த விஷயத்தை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சாதாரண எஞ்சின் உலக்கை ஜாதி. இந்த எஞ்சின் ஆட்டுக்கல் ஜாதி. சாதாரண எஞ்சினில் பிஸ்டன் மேலும் கீழுமாக இடிக்கிறது. ஒவ்வொரு தரமும் மேலே போய் நின்று, திரும்பி, கீழே வந்து நின்று, மறுபடி திரும்ப வேண்டும். அந்த இடியைப் பிறகு சுழற்சியாக மாற்ற வேண்டும். உலக்கை பிடித்தவர்களுக்குத் தெரியும், பாதிச் சக்தி தூக்குவதற்கே போய்விடும். வாங்கெலின் எஞ்சினில் இடிப்பே இல்லை. இடுப்பு சற்று ஒடுங்கிய முட்டை மாதிரி ஒரு அறை. அதற்குள்ளே, பக்கங்கள் உப்பிய முக்கோணம் ஒன்று குழவியைப் போலச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. முக்கோணத்தின் மூன்று முனைகளும் எந்நேரமும் அறையின் சுவரைத் தொட்டுக்கொண்டே போகும். ஆகையால் முக்கோணத்துக்கும் சுவருக்கும் நடுவே எப்போதும் மூன்று தனி இடங்கள். ஒன்றில் பெட்ரோல் ஆவி உள்ளே வருகிறது; ஒன்றில் அமுங்கி வெடிக்கிறது; ஒன்றில் புகை வெளியேறுகிறது. அதிர்ச்சி குறைவு, பாகங்கள் குறைவு, எடை குறைவு. கேட்டால் இடிக்கிற சத்தம் கிடையாது, ஒரு ரீங்காரம்தான். கடுதாசியில் பார்த்தால் இதைவிட அழகான யந்திரம் உலகத்திலேயே இல்லை.

உலகத்துக் கம்பெனிகள் எல்லாம் என்.எஸ்.யு.வின் வாசலில் வரிசையாக நின்றன. ட்ஸுனேஜியும் நின்றார். 28 கோடி யென் கொடுத்து உரிமை வாங்கினார். அன்றைய கம்பெனிக்கு அது கொஞ்சத் தொகை அல்ல.

எஞ்சினைக் கொண்டுவந்து ஓட்டிப் பார்த்தார்கள். சில மணி நேரம் ரீங்காரம். பிறகு தடுமாற்றம். பிரித்துப் பார்த்தால், கண்ணாடி மாதிரி வழவழப்பாக இருந்த உட்சுவர் முழுவதும் வரிவரியாகக் கீறல். முக்கோணத்தின் முனையில் காற்றுப் போகாமல் அடைப்பதற்கு ஒரு மெல்லிய பட்டை வைத்திருந்தார்கள். அந்தப் பட்டை சுவரைத் தடவாமல் அதிர்ந்து அதிர்ந்து பிறாண்டிக்கொண்டு போயிருக்கிறது. 'பேயின் நகக் கீறல்' என்று அதற்குப் பெயர் வைத்தார்கள் ஹிரோஷிமாக்காரர்கள். உரிமையை விற்றவர்கள் இந்தப் பேயை ஓட்டும் மந்திரத்தை விற்கவில்லை. அவர்களிடமே அது இல்லை.

இன்னொரு வேடிக்கையும் நடந்தது. கம்பெனிகளை ஒன்று சேர்க்க வேண்டும் என்று டோக்கியோ அதிகாரிகள் கொண்டுவந்த சட்டம் நிறைவேறவே இல்லை. 1964-இல் அது கைவிடப்பட்டது. எந்தக் கத்திக்குப் பயந்து ட்ஸுனேஜி இந்த எஞ்சினை வாங்கினாரோ அந்தக் கத்தி விழவில்லை. அவருக்கு நல்ல புத்தி சொல்ல ஆள் இல்லாமலா இருந்திருக்கும்? 'போனது போகட்டும், தலை முழுகிவிட்டுச் சும்மா இருங்கள்' என்று நானாக இருந்தால் சொல்லியிருப்பேன். பணம் முதலாளிக்குப் போனது. வார்த்தை கொடுத்தது கம்பெனி. இரண்டாவதைத் திரும்ப வாங்க முடியாது என்று நினைத்தாரோ என்னவோ.

1963-இல் இதற்கென்று தனி இலாகா ஏற்பட்டது. தலைவர் கெனிச்சி யாமமோட்டோ. பல்கலைக் கழகத்தில் படித்த எஞ்சினியர். யுத்தம் முடிந்து எரிந்த ஊருக்குத் திரும்பி, 1946-இல் இந்தக் கம்பெனியிலேயே சாதாரணத் தொழிலாளியாக கியர் பெட்டி கோக்கும் இடத்தில் சேர்ந்தவர். இலாகாவில் இருந்தவர்கள் 47 பேர். ஜப்பானில் 47 என்றால் சின்னக் குழந்தைக்கும் ஒரு கதை ஞாபகம் வரும். 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாண்ட எஜமானுக்காகக் காத்திருந்து பழி வாங்கிய நாற்பத்தேழு வீரர்கள். யாமமோட்டோ தம் ஆட்களுக்கு அவர்களை உதாரணம் காட்டினார். தூங்கும்போதும் விழித்திருக்கும்போதும் அந்த எஞ்சினே நினைவாக இருக்க வேண்டும் என்றார். அந்த வீரர்கள் வென்ற பிறகு அனேகமாக எல்லோரும் வயிற்றைக் கிழித்துக்கொண்டு சாக வேண்டியதாயிற்று என்பதும் கேட்டவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

முனைப் பட்டைக்கு அகப்பட்டதையெல்லாம் வைத்துப் பார்த்தார்கள். இரும்பு, கரி, கலப்பு உலோகம், கடைசியில் மாட்டெலும்பு கூட! எஞ்சினியர்கள் எலும்பைச் சீவிக்கொண்டு உட்கார்ந்திருக்கிற காட்சியை மனசில் நினைத்துப் பாருங்கள். இது போதாதென்று எண்ணெய் கசிந்து எரிந்து வெள்ளைப் புகை கக்கிற்று. ஒரு முயல், ஒரு கெட்ட மிருகத்தின் முதுகில் இருந்த விறகுச் சுமைக்கு நெருப்பு வைக்கிற பாட்டி கதை ஒன்று ஜப்பானில் உண்டு. அந்தக் கதையின் பெயரையே புகைக்கு வைத்தார்கள். மெதுவாக ஓடும்போது கார் உதறிற்று. அதற்கு 'மின்சார உடம்புபிடி' என்று பெயர். தோல்விக்குப் பெயர் வைத்துக் கேலி செய்யத் தெரிந்தவர்கள் சுலபத்தில் விடமாட்டார்கள்.

விடை ஒரு சின்ன இடத்தில் இருந்தது. ஒவ்வொரு பொருளுக்கும் தனக்கென்று ஓர் அதிர்வு உண்டு, வீணைத் தந்திக்கு இருக்கிற மாதிரி. பட்டையின் உள்ளே குறுக்கும் நெடுக்குமாகத் துளை போட்டார்கள். அதிர்வின் சுருதி மாறிற்று. கீறல் நின்றது. பிறகு கரியில் அலுமினியத்தை ஊட்டிய பட்டையைச் செய்தார்கள். அது நீடித்து உழைத்தது.

1967 மே மாதம் 'காஸ்மோ ஸ்போர்ட்' விற்பனைக்கு வந்தது. தரையோடு தரையாகப் படுத்திருக்கிற வெள்ளைக் கார். எல்லாவற்றையும் சேர்த்துச் செய்தவை 1,176 கார்கள்தான். லாபத்துக்குச் செய்த வண்டியல்ல. செய்துவிட்டோம் என்று காட்டச் செய்த வண்டி. மறு வருஷம் ஜெர்மனியில் நூர்பர்க்ரிங் பாதையில் 84 மணி நேரம் விடாமல் ஓட்டுகிற பந்தயத்துக்கு இரண்டு காஸ்மோக்களை அனுப்பினார்கள். ஒன்று 82-ஆவது மணியில் அச்சு போய் நின்றது. மற்றது நாலாவதாக வந்தது. பிரித்து எடுத்தால் பேய்க் கீறலோடு சாகும் என்று உலகம் நினைத்த எஞ்சின், மூன்றரை நாள் ஓடிவிட்டது.

உரிமையை விற்ற என்.எஸ்.யு.வும் அதே 1967-இல் ரோ 80 என்று ஒரு கார் கொண்டுவந்தது. பார்த்தவர்கள் எல்லோரும் புகழ்ந்தார்கள். வாங்கியவர்கள் பட்டை தேய்ந்து திரும்பி வந்தார்கள். இலவசமாக எஞ்சின் மாற்றிக் கொடுத்தே கம்பெனி இளைத்து, 1969-இல் ஃபோக்ஸ்வாகன் குடும்பத்துக்குள் போய் மறைந்தது. ஜெனரல் மோட்டார்ஸ் ஐந்து கோடி டாலர் ஒப்பந்தம் போட்டு, ஒரு கார் கூட விற்காமல் கைவிட்டது. பென்ஸ் சோதனையோடு நிறுத்திக்கொண்டது. ஸித்ரோன் கொஞ்சம் விற்று, விற்றதைத் திரும்ப வாங்கி நொறுக்கியது. வரிசையில் நின்ற பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக வீட்டுக்குப் போனார்கள். தக்கைக் கம்பெனி மட்டும் நின்றது.

நின்றதற்குத் தண்டனை 1973-இல் வந்தது. அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தின. ஆட்டுக்கல் எஞ்சினுக்கு இன்னொரு குணம் உண்டு: பசி. அமெரிக்க சர்க்கார் சோதித்துப் பார்த்து, நகரத்தில் ஓடினால் காலனுக்குப் பத்துப் பதினோரு மைல்தான் என்று ஊரறியச் சொல்லிவிட்டது. விற்காத கார்கள் மைதானம் மைதானமாக வெயிலில் காய்ந்தன. ஸுமிடோமோ பாங்கி தன் ஆட்களைக் கொண்டுவந்து கம்பெனியின் மேஜையில் உட்கார வைத்தது. ஸ்தாபகரின் பேரன் கோஹெய் 1977-இல் தலைமைப் பதவியிலிருந்து இறங்கினார். தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் கோட்டும் டையும் கட்டிக்கொண்டு வெளியூர்களுக்குப் போய், வீடு வீடாகக் கதவைத் தட்டிக் கார் விற்றார்கள். போல்ட்டு முடுக்கிய கைகள் விசிட்டிங் கார்டு நீட்டின. எனக்கு இந்த இடத்தில் அவர்கள் முகங்களைப் பார்க்க ஆசை.

ஹிரோஷிமா அவர்களைக் கைவிடவில்லை. ஊர் வியாபாரிகள் ஒன்று கூடி, வாங்கினால் நம் ஊர்க் கார் என்று இயக்கம் நடத்தினார்கள். அந்த ஊருக்கு இது பழக்கம். கார்ப் என்று ஒரு பேஸ்பால் கோஷ்டி உண்டு. கார்ப் என்றால் கெண்டை மீன். 1950-இல் பணமில்லாமல் ஆரம்பித்த கோஷ்டி. மைதானத்து வாசலில் சாராயப் பீப்பாயை வைத்து, ஜனங்கள் சில்லறை போட்டு வளர்த்தது. பிறகு மட்ஸுடா குடும்பம் தாங்கிற்று. கால் நூற்றாண்டு தோற்றுக்கொண்டே இருந்த கெண்டை, கம்பெனி மூழ்கிக்கொண்டிருந்த 1975-இல்தான் முதல் முறையாகக் கோப்பை வாங்கிற்று. ஹிரோஷிமாவின் தெருக்களில் அன்று அழுதவர்களில் எத்தனை பேர் மாஸ்டா தொழிலாளர்களோ!

புத்தியுள்ளவர்கள் எஞ்சினைத் தூக்கி எறிந்திருப்பார்கள். யாமமோட்டோவின் ஆட்கள் அதன் பசியைக் குறைக்கப் போனார்கள். நூற்றுக்கு நாற்பது பங்கு பெட்ரோல் மிச்சம் பிடிப்பது என்று வைத்துக்கொண்டு, திட்டத்துக்கு 'ஃபீனிக்ஸ்' என்று பெயரிட்டார்கள். ஆமாம், அதே பறவை! நான் மேலே சொன்ன ஆட்சேபத்தை அவர்கள் கேட்கவில்லை. 1978-இல் ஆர்எக்ஸ்-7 வந்தது. அதன் மூன்று தலைமுறையிலும் சேர்த்து எட்டு லட்சத்துக்கு மேல் செய்தார்கள். பேர் பெற்றது அமெரிக்காவில்தான். 1979-இல் ஃபோர்டு கம்பெனி வந்து கால்வாசிப் பங்கை வாங்கிக்கொண்டதும், 2015-க்குள் முழுவதையும் விற்றுவிட்டுப் போனதும் பாங்கிக் கணக்கு. அதில் எனக்கு ருசியில்லை.

1991 ஜூன் மாதம் பிரான்ஸில் லெ மான் பந்தயம். இருபத்துநாலு மணி நேரம் ஓட வேண்டும். ஆரஞ்சும் பச்சையுமாக, பட்டிக்காட்டுத் திருவிழாப் பந்தல் மாதிரி வர்ணம் பூசின 55-ஆம் நம்பர் மாஸ்டா வந்து நின்றது. நாலு முக்கோணங்கள் வரிசையாகச் சுழலும் எஞ்சின். மாஸ்டாவின் ஆட்கள் எழுபதுகளிலிருந்து அங்கே வந்து வந்து தோற்றுக்கொண்டிருந்தார்கள். 362 சுற்று முடிந்தபோது முன்னால் யாரும் இல்லை. ஜப்பானியக் கார் ஒன்று அங்கே ஜெயித்தது அதுதான் முதல் தடவை. பிஸ்டன் இல்லாத எஞ்சின் ஜெயித்ததும் அப்படியே. கடைசியில் ஓட்டிய ஜானி ஹெர்பர்ட் என்கிற ஆங்கிலேயர், இறங்கினவர் தண்ணீர் தாகத்தால் மயங்கி விழுந்துவிட்டார். கோப்பை வாங்கும் மேடைக்கு அவரால் ஏற முடியவில்லை. மறு வருஷம் விதிகள் மாறின. அந்த எஞ்சினுக்கு அங்கே இடமில்லை.

இத்தனை பேர் இந்தக் காரிடம் மயங்குவது எதனால்? கார் பிரியர்களைக் கேட்டால் 1989-இல் வந்த இரண்டு பேர் வண்டியைச் சொல்வார்கள். எம்எக்ஸ்-5 என்று பெயர். அதில் ஆட்டுக்கல் எஞ்சின் கூட இல்லை, சாதாரண உலக்கைதான். மேல்கூரையைத் துணி மாதிரி மடித்துவிடலாம். அந்த ஜாதி வண்டிகளை இங்கிலீஷ்காரர்கள் செய்து, அலுத்து, விட்டுவிட்டார்கள். ஓர் அமெரிக்கப் பத்திரிகைக்காரர் 1979-இல் யாமமோட்டோவிடம் நீங்கள் ஏன் செய்யக் கூடாது என்று கரும்பலகையில் படம் போட்டுக் காட்டினார். பத்து வருஷம் கழித்துக் கார் வந்தது. குதிரை மேல் போய்க்கொண்டே அம்பு எய்கிறவனுக்கும் குதிரைக்கும் நடுவில் இருக்கிற ஒற்றுமைக்கு ஜப்பானியத்தில் 'ஜின்பா இத்தாய்' என்று பெயர். ஆளும் குதிரையும் ஓருடம்பு. காரை அப்படிச் செய்ய வேண்டும் என்றார்கள். வேகம் பெரிதில்லை, விலை பெரிதில்லை. திருப்பினால் நினைத்தபடி திரும்ப வேண்டும். 2016-இல் பத்து லட்சமாவது வண்டி வெளியே வந்தது. இரண்டே பேர் உட்காரும், சாமான் வைக்க இடமில்லாத, குடும்பஸ்தனுக்கு எவ்விதத்திலும் உதவாத வண்டி!

எனக்கு இந்த மயக்கம் புரிகிறது. டோயோட்டாக்காரர்களின் கதையைப் படித்தால் மரியாதை வருகிறது. மாஸ்டாவின் கதையைப் படித்தால் 'அடப் பாவிகளா' என்று வாய்விட்டுச் சொல்லத் தோன்றுகிறது. வீட்டில் ஒரு பிள்ளை கலெக்டராக இருப்பான், இன்னொருவன் நாதஸ்வரத்தைத் தூக்கிக்கொண்டு அலைவான். அம்மாவை இரண்டாமவனைப் பற்றிக் கேட்டால்தான் பேச்சு நீளும்.

யாமமோட்டோ கம்பெனியின் தலைவராகி, ஓய்வு பெற்று, 2017 டிசம்பரில் 95 வயதில் காலமானார். கடைசி ஆட்டுக்கல் கார் ஆர்எக்ஸ்-8. அதை 2012-இல் நிறுத்திவிட்டார்கள். புகைக் கட்டுப்பாடுகளுக்கு அந்த எஞ்சினால் ஈடு கொடுக்க முடியவில்லை. முடிந்தது என்று எல்லோரும் எழுதினார்கள்.

2023-இல் மறுபடி அதே ஹிரோஷிமாவில் செய்ய ஆரம்பித்தார்கள். இப்போது ஒரே ஒரு முக்கோணம். சக்கரத்தைத் திருப்புகிற வேலை அதற்குக் கிடையாது. அதைச் செய்வது மின்சார மோட்டார். பேட்டரியில் சக்தி குறையும்போது ஒரு மூலையில் உட்கார்ந்து மின்சாரம் அரைத்துக் கொடுக்க வேண்டியது மட்டுமே. அதற்காக எஞ்சினை ஆதியோடந்தமாக மாற்றி வரைந்தார்கள். முனையில் இருக்கிற பட்டையின் அகலம் 2 மில்லிமீட்டராக இருந்தது. அதை 2.5 ஆக்கியிருக்கிறார்கள்.